சுரங்கப்பாதை வெள்ளத்தில் நின்றுபோன கார்: கண்ணாடி உடைக்கும் கருவி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு மாலையில் இது நடந்தது. காரில் இருந்த நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர், ஊர், கார் கம்பெனி எதையும் சொல்லப்போவதில்லை. நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவன். காரில் இருந்தவர்களிடமும், தண்ணீரில் இறங்கி அவர்களை எடுத்தவர்களிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேச முடிந்தது. கீழே வரும் நேரக் கணக்குகள் போனில் இருந்த அழைப்புப் பதிவுகளை வைத்துச் சேர்த்தவை, மற்றவை தோராயம்.

அகல ரயில்பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகளை 2019 ஜனவரியோடு ரயில்வே முழுக்க எடுத்துவிட்டது. அதனால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல ஊர்களில் கிராசிங் இருந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் தாழ்வான சுரங்கப்பாதை வந்தது, மழை பெய்தால் இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் அதற்குள்தான் இறங்குகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் ஒரு பெண் மருத்துவர் காருக்குள்ளேயே இறந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு இளம்பெண், 2024 செப்டம்பரில் பழைய ஃபரிதாபாத் ரயில்வே சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் இருவர். காரோடு ஆற்றில் பாய்வது எங்கோ எப்போதோ நடக்கிற விஷயம். சுரங்கப்பாதை அப்படியில்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

கார் நடுத்தர அளவு செடான், பவர் விண்டோ, கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சென்ட்ரல் லாக், சாவி போடாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வகை. ஓட்டியவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பக்கத்தில் மனைவி, பின்னால் அவருடைய அம்மா, ஆறு வயது மகன். டேஷ்போர்டு பெட்டிக்குள் இன்சூரன்ஸ் தாளோடு ஒரு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் சுத்தியலும் இருந்தது. இரண்டு பக்கமும் கூம்பு முனை, கைப்பிடியில் சீட் பெல்ட் அறுக்கும் பிளேடு. கார் வாங்கியபோது சீட் கவர், மிதியடியோடு சேர்த்து வாங்கியது. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

இறங்கியதும் நின்றதும்

மதியத்திலிருந்து மழை. சுரங்கப்பாதை வாயில் தண்ணீர் தெரிந்தது, எவ்வளவு ஆழம் என்று காட்டும் அளவுக்கோடு எதுவும் சுவரில் இல்லை. முன்னால் ஒரு லாரி இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போனது. அதன் டயர் பாதிக்கு மேல் நனையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இவரும் இறங்கினார். லாரி டயரில் பாதி என்றால் காரில் எங்கே வரும் என்று அந்த நேரத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை. சரிவு முடிவதற்குக் கொஞ்சம் முன்பே என்ஜின் திணறி நின்றது. முகப்பு தாழ்ந்து, பின்பக்கம் மேட்டில் இருந்தபடி கார் நின்றுவிட்டது. அப்போது தண்ணீர் முன்கதவின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே.

இது மாலை 6.10 வாக்கில். அவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். என்ஜின் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் அது திரும்ப ஓடாது, உள்ளே கனெக்டிங் ராடு வளைவதுதான் மிச்சம். விளக்கு எரிந்தது, வைப்பர் ஆடியது, அதாவது மின்சாரம் இருந்தது. மனைவி, "என்னங்க, கண்ணாடிய இறக்குங்க, புள்ளைய வெளிய குடுத்துரலாம்" என்று சொன்னார். "இறக்கினா தண்ணி உள்ள வந்துரும், கொஞ்சம் இரு" என்பது பதில். 6.13க்கு மெக்கானிக்குக்கு ஒரு அழைப்பு, 6.15க்குத் தம்பிக்கு ஒன்று. 112க்கோ 101க்கோ காரிலிருந்து அழைப்பே போகவில்லை.

இந்த நாலைந்து நிமிடத்தைப் பற்றி நிறையப் பேச வேண்டும். கண்ணாடி உடைக்கும் கருவி எதுவுமே தேவைப்படாமல் நான்கு பேரும் வெளியேறியிருக்கக்கூடிய நேரம் இது ஒன்றுதான். தண்ணீர் ஜன்னலுக்கு வெகு கீழே இருந்தது, கண்ணாடி இறங்கியிருக்கும், பையனைக் கூரை மேல் ஏற்றி உட்கார வைத்திருக்கலாம். தண்ணீரில் மூழ்கும் கார்களைப் பற்றிப் பல வருடம் சோதனை செய்து பார்த்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் வரிசை இது: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, குழந்தையை முதலில் அனுப்பு, நீயும் வெளியேறு. போன் அந்த வரிசையில் இல்லை. ஆழமான தண்ணீரில் விழுந்த கார் என்றால் இதற்கெல்லாம் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரைதான் என்பது அவர் கணக்கு. இந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் மெல்ல ஏறியதால் கூடுதலாகக் கிடைத்தது.

அவர் தயங்கியதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. தண்ணீர் வரும்போது ஜன்னலை மூடுவதுதான் மனித இயல்பு. அதனால்தான் இதை வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே சொல்லித்தர வேண்டும் என்று பிடிவாதமாக நினைக்கிறேன்.

கதவு திறக்கவில்லை

6.18 வாக்கில் மேலே ஊரிலிருந்து வந்த வாய்க்கால் தண்ணீர் சேர்ந்து மட்டம் சட்டென்று ஏறியது. முன் இருக்கைகள் நனைந்தன, வெளியே தண்ணீர் முன் ஜன்னலின் கீழ்விளிம்பைத் தொட்டது. அவர் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

ஏன் அசையாது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். கதவு ஒரு மீட்டர் அகலம், உள்ளே இருப்பதைவிட வெளியே தண்ணீர் 60 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். கதவின் மேல் விழும் மொத்த அழுத்தம் கிட்டத்தட்ட 180 கிலோ எடைக்குச் சமம். கீல் ஒரு பக்கம் தாங்குவதால் கைப்பிடி ஓரத்தில் தள்ளுகிறவருக்கு அதில் பாதி, 90 கிலோ. உட்கார்ந்தபடி, பக்கவாட்டில், கால் ஊன்ற இடமில்லாமல் 90 கிலோவைத் தள்ள யாராலும் முடியாது. உயரம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், முதல் நிமிடங்கள் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

அப்புறம்தான் பவர் விண்டோவை அமுக்கினார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. தண்ணீர் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அது கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும், மோட்டாரால் இழுக்க முடியாது. சிறிது நேரத்தில் விளக்கும் அணைந்தது.

கையில் இருந்த சுத்தியல்

சுத்தியலை நினைவுபடுத்தியது மனைவி. டேஷ்போர்டு பெட்டி ஏற்கெனவே தண்ணீருக்குள். அதைத் திறந்து, மிதந்த தாள்களுக்கு நடுவில் தடவி எடுத்து, ஈரக்கையால் உறையைப் பல்லால் கிழித்து அவரிடம் கொடுத்தார். அவர் இன்னும் பெல்ட்டில் இருந்தார், கழற்றத் தோன்றவில்லை. கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தார். ஓங்கினார் என்பதே பெரிய வார்த்தை, ஏனென்றால் ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் இடையில் கையை வீச ஒரு முழம்கூட இடமில்லை, பாதித் தூரம் தண்ணீர் வேறு. சுத்தியல் வேலை செய்வதற்கு வேகம் வேண்டும், தண்ணீர் அந்த வேகத்தைத் தின்றுவிடும். சில அடிகளுக்குப் பிறகு சுத்தியல் கையிலிருந்து நழுவி இருட்டில் எங்கோ போய்விட்டது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஹெட்ரெஸ்டைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று போனில் சுற்றும் வீடியோ அவருக்கு ஞாபகம் வந்தது. பிடுங்கப் பார்த்தார். அதை எடுக்கப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே தூக்க வேண்டும், மேலே கூரை இடிக்கும், இவர் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெளியே வரவேயில்லை. ஹெட்ரெஸ்ட் கழுத்தைக் காப்பாற்றச் செய்தது, கண்ணாடி உடைக்கச் செய்ததல்ல. அதை நம்பி யாரும் கருவி வாங்காமல் இருந்துவிடக் கூடாது.

வெளியிலிருந்து வந்தவர்கள்

சுரங்கப்பாதை வாயிலில் ஒரு பஞ்சர் கடை, டீக்கடை, தையல் கடை, கொஞ்சம் தள்ளி ஒரு லேத் பட்டறை. பின்விளக்கு அணைவதைப் பார்த்தவர் டீக்கடைக்காரர், 101க்கு அழைத்தவரும் அவர்தான். பஞ்சர் கடைக்காரரும் இரண்டு இளைஞர்களும் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் கம்பத்தில் சுற்றிவிட்டு இறங்கினார்கள். இந்தக் கயிற்றுக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும், காப்பாற்றப் போனவர் இழுபட்டுப் போவது வெள்ளத்தில் சாதாரணமாக நடப்பது.

பின்கதவுக் கைப்பிடியை இழுத்தார்கள், பூட்டியிருந்தது. ஓடும்போது தானாகப் பூட்டியது அப்படியே நின்றிருக்கிறது. உள்ளே இருந்த அம்மாவிடம் லாக்கைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள், மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இங்கே ஒன்று. பின்கதவில் இருக்கும் சைல்டு லாக் உள்ளேயிருந்து திறப்பதை மட்டும்தான் தடுக்கும், வெளியே இருந்து திறக்கத் தடையில்லை. உள்ளே இருப்பவர் பூட்டுக் குமிழைக் கையால் விடுவித்துவிட்டால் வெளியே இருவர் சேர்ந்து இழுத்தால் மேட்டுப் பக்கம் இருந்த அந்தக் கதவு வந்திருக்கும். அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று பின்னால் உட்காருகிற யாருக்கும் காட்டிவைத்ததில்லை.

அடுத்து ஒருவர் ஒரு பெரிய கருங்கல்லை எடுத்து முன்கண்ணாடியில் போட்டார். சிலந்திவலையாக விரிசல் விட்டது, ஓட்டை விழவில்லை. மறுபடி போட்டார், அதேதான். முன்கண்ணாடி லேமினேட்டட், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், உடைந்தாலும் பிரியாது. விபத்தில் ஆள் வெளியே தூக்கி வீசப்படாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உதவிக்கு வருகிற பெரும்பாலானோர் முதலில் போவது முன்கண்ணாடிக்குத்தான், பெரிதாக இருக்கிறது, எதிரே தெரிகிறது. இங்கே அதில் ஓரிரு நிமிடம் போனது.

லேத் பட்டறை இளைஞர் ஒருவர் அப்போதுதான் வந்தார், கையில் ஸ்பிரிங் வைத்த சென்டர் பஞ்ச். இரும்பில் துளை போடும் இடத்தைக் குறிக்க வைத்திருப்பது, அமுக்கினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு முனை 'டக்' என்று அடிக்கும், சுத்தியல் தேவையில்லை. "அண்ணே, முன்கண்ணாடிய விடுங்க, சைடு கண்ணாடிதான் நொறுங்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். பையன் வலது ஓரத்தில் இருப்பதைப் பார்த்து, இடதுபக்கப் பின்கதவுக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். கீழ் மூலையில், சட்டத்திலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி முனையை வைத்து அமுக்கினார்.

கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாகிப் போனது. ஆனால் கீழே உதிரவில்லை. வெயிலுக்காக ஒட்டியிருந்த ஃபிலிம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது கருப்பு ஃபிலிம் அல்ல, வெளிச்சம் விடும் தெளிவான வகை, ஆனாலும் பிடிக்கிற வேலையை அதுவும் செய்யும். அவர் சட்டையைக் கழற்றி முழங்கையில் சுற்றிக்கொண்டு உள்நோக்கி இடித்தார், மூன்றாவது இடியில் மொத்தமாக மடிந்து உள்ளே விழுந்தது.

"பேரனை முதல்ல எடுங்கய்யா" என்று அம்மா பையனைத் தூக்கி நீட்டினார். அவன் வெளியே வந்தாயிற்று. அம்மாவால் வர முடியவில்லை. பெல்ட் பக்கிள் இருக்கை மடிப்புக்குள் இறங்கியிருந்தது, புடவைத் தலைப்பு அதில் சிக்கிப் பொத்தான் அமுங்கவில்லை, கார் முகப்புத் தாழ்ந்து நின்றதால் பெல்ட்டும் இறுகிப் பூட்டிக்கொண்டது. கரையிலிருந்து யாரோ இளநீர் வெட்டும் அரிவாளைக் கொடுத்தனுப்பினார்கள். பஞ்சர் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். இருட்டில், ஆடுகிற தண்ணீரில், வயதானவரின் கழுத்துக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் திறந்த அரிவாள் வேண்டாம் என்பது அவர் முடிவு, சரியான முடிவு. தையல்கடைக்காரரின் பெரிய கத்தரிக்கோல் வந்தது. ஒரு கையை பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் கொடுத்து, முதலில் தோள் பக்கம், பிறகு மடி மேல் இருந்த பகுதி என்று இரண்டு இடத்தில் வெட்டினார். தோளில் மட்டும் வெட்டினால் மடி விடாது.

பின் ஜன்னல் உடைந்ததும் தண்ணீர் அந்த வழியாகவும் உள்ளே புக, உள்ளும் வெளியும் மட்டம் ஏறக்குறைய ஒன்றானது. அம்மாவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி பக்கத்துக் கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. மட்டம் சமமானால் கதவு திறக்கும் என்பது உண்மை. அதற்காகக் காத்திருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கழுத்துவரை தண்ணீர் ஏறும்வரை, இருட்டில், ஒரு குழந்தையோடு காத்திருப்பதை நான் யாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டேன். 6.31க்குத் தம்பிக்குக் கரையிலிருந்து அழைப்பு போயிருக்கிறது, அதற்கு முன்பே நால்வரும் மேலே. தீயணைப்பு வண்டி அதன்பிறகு வந்து சேர்ந்தது.

விளைவு

அம்மா கொஞ்சம் தண்ணீர் குடித்திருந்தார், நுரையீரலில் ஏதாவது இறங்கியிருக்குமோ என்று இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பையனுக்கு உள்ளங்கையில் சிறு கீறல்கள். மீட்ட இளைஞருக்கு முன்கையில் தையல், டிடி ஊசி. அந்தப் பக்க ஜன்னலில் இருந்தது டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டியாக்கியது. அது சிறுசிறு துண்டாகத்தான் நொறுங்கும், பெரிய கத்தி போல உடையாது, ஆனாலும் சட்டத்தில் நிற்கும் துண்டுகள் கிழிக்கும். கார் தேறவில்லை.

கருவி ஏன் வேலை செய்யவில்லை

ஓட்டியவர் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்: அத்தனை அடித்தும் உடையாத கண்ணாடி அந்த லேத் பட்டறைப் பையன் ஒரு அமுக்கு அமுக்கியதும் எப்படி நொறுங்கியது?

டெம்பர்டு கண்ணாடியின் மேல்தோல் எப்போதும் அழுந்திய நிலையில் இருக்கும், உட்பகுதி இழுபட்ட நிலையில் இருக்கும். பரவலாக விழும் அடியை அந்த மேல்தோல் தாங்கிவிடும். மிகச் சிறிய, மிகக் கெட்டியான முனை மேல்தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் உள்ளே தேங்கியிருந்த இழுவிசை முழுவதும் ஒரே சமயத்தில் விடுபட்டு மொத்தக் கண்ணாடியும் நொறுங்கும். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து கொடுக்கும். மூலையில் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பதால் வளையாது. ஆக, தேவை பலமல்ல, முனையும் இடமும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் கடையில் கிடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு மட்டும் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியல் வகையைவிட ஸ்பிரிங் வகை நன்றாக வேலை செய்தது. அங்கே 2018 மாடல்களில் மூன்றில் ஒன்றுக்குப் பக்கக் கண்ணாடியிலும் லேமினேட்டட் இருந்தது என்றும் சொன்னார்கள். இங்கேயும் விலை கூடிய கார்கள் சிலவற்றில் சத்தம் குறைய முன்கதவுக்கு அதைப் போடுகிறார்கள். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பஞ்ச் வாங்கினாலும் அந்தக் கண்ணாடியில் வேலைக்கு ஆகாது.

இதைத் தெரிந்துகொள்ள வழி சுலபம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் சிறிய எழுத்தில் அச்சு இருக்கும். டெம்பர்டு என்றோ லேமினேட்டட் என்றோ ஆங்கிலத்தில் போட்டிருக்கும், அது தெளிவாக இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். எல்லாக் கண்ணாடியையும் பார்க்க வேண்டும், முன்கதவு ஒரு வகை, பின்கதவு வேறு வகையாக இருப்பதுண்டு. எது டெம்பர்டோ அதுதான் உங்கள் வெளியேறும் வழி. கடைசிக் கண்ணாடி, அதாவது டிக்கிக்கு மேல் இருப்பது, பெரும்பாலும் டெம்பர்டு. இந்த நிகழ்வில் பின்பக்கம் மேட்டில் இருந்ததால் அதுவும் நல்ல வழியாக இருந்திருக்கும்.

காயலான் கடையில் சோதித்தது

புதுக் கார் வந்ததும் அவர் என்ன வாங்குவது என்று கேட்டார். கேட்டுச் சொல்வதைவிடச் செய்து பார்ப்போம் என்று பழைய கார் உடைக்கும் காயலான் கடையில் சொல்லிவைத்து, கண்ணாடியோடு சில கதவுகள் வாங்கினோம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவர், மனைவி, லேத் இளைஞர், நான்.

அதே மாதிரி ஆரஞ்சு சுத்தியல் ஒன்று. நின்றுகொண்டு, நன்றாக வீசி, மூலையில் அடித்தபோது உடைந்தது. இருக்கையில் உட்கார்ந்தபடி முழங்கை மடக்கி அடித்தபோது உடையவில்லை, இரண்டாவது கதவுக்கு வரும்போது முனையே மழுங்கியிருந்தது. சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய ஸ்பிரிங் பஞ்ச் இரண்டு வாங்கியிருந்தோம், ஒன்று முதல் அமுக்கிலேயே உடைத்தது, விலை மலிவான இன்னொன்றில் ஸ்பிரிங் விடுபட்டது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. லேத் பஞ்ச் எப்போதும்போல. அகலமான தொட்டியில் கதவைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றி, கையைத் தண்ணீருக்குள் விட்டும் செய்து பார்த்தோம், ஸ்பிரிங் பஞ்ச் தண்ணீருக்குள்ளும் அதேபோல் உடைத்தது. வீச வேண்டியதில்லை அல்லவா, அதுதான் காரணம்.

பெல்ட் அறுக்கும் பிளேடில் எனக்கு நம்பிக்கை வந்தது. தளர்ந்த பெல்ட்டில் அது சறுக்குகிறது. ஒரு கையால் இழுத்து விறைப்பாக்கி, பிளேடைச் சாய்த்து ஒரே இழுவையாக இழுத்தால் போய்விடுகிறது. பிளேடு கொக்கிக்குள் மறைந்திருப்பதால் உடம்பில் படாது, அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் இல்லாத குணம் இது.

வாங்கியதும் வைத்ததும்

கடைசியில் வாங்கியது ஸ்பிரிங் பஞ்சும் கொக்கிப் பிளேடும் ஒன்றாக இருக்கும் கருவி, இரண்டு. கார்பைடு என்ற மிகக் கெட்டியான பொருளில் செய்த முனை உள்ளது. எங்கே வைப்பது என்பதற்கு அவரே ஒரு விதி வைத்துக்கொண்டார்: பெல்ட் போட்டு, பெல்ட்டை இறுக்கிப் பூட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் எட்ட வேண்டும், வலது கை இடது கை எதுவானாலும். டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பை, டிக்கி மூன்றும் இதில் தோற்றுவிடும். முன்னிருக்கைகளுக்கு நடுவில் கியருக்குப் பின்னால், வெல்க்ரோவில் ஒட்டி, ஒரு மெல்லிய கயிற்றில் கட்டிவைத்தார். கயிறு எதற்கென்றால் கை நழுவினாலும் தொலையாது, மோதலில் பறந்து யார் தலையிலும் விழாது. ஓரத் தூணில் ஒட்ட நினைத்தார், அங்கே பக்கவாட்டில் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது என்று நான் தடுத்தேன், ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது.

சாவி போடும் கார் என்றால் சாவிக்கொத்தில் பஞ்ச் தொங்குவது நல்ல இடம், எப்போதும் கண்முன் இருக்கும். இவருடையது பட்டன் ஸ்டார்ட், சாவி பாக்கெட்டில் இருக்கும், பெல்ட் போட்டபின் பாக்கெட்டில் கைவிடுவது கஷ்டம். அதனால் அது ஒத்துவரவில்லை.

உறையை அன்றே பிரித்தாயிற்று. சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு மரக்கட்டையில் அமுக்கிப் பார்க்கிறார்கள், புள்ளி விழுந்தால் ஸ்பிரிங் வேலை செய்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிப்பது சகஜம், வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் கைப்பிடி வெடிப்பதும் அப்படித்தான். புதுக் காரின் பக்க ஜன்னல்களில் ஃபிலிம் ஒட்டவில்லை.

இன்னும் முடியாதவை

இரண்டாவது கருவி பின்னிருக்கைக்கு. அதைப் பயன்படுத்தப் போகிறவர் அம்மா, வயது எழுபதை நெருங்குகிறது, விரல் மூட்டில் வலி. மரக்கட்டையில் அமுக்கிப் பார்க்கச் சொன்னபோது ஒரு கையால் ஸ்பிரிங் விடுபடவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்தியபோது வந்தது, அதுவும் இரண்டாவது முயற்சியில். ஸ்பிரிங் லேசான கருவி கேட்டால் அது கண்ணாடியை உடைக்குமா என்று மறுபடி காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். இப்போதைக்கு அவருக்குப் பூட்டுக் குமிழ் இருக்கும் இடம், பக்கிளைத் தடவிக் கண்டுபிடிப்பது, தலைப்பை பெல்ட்டுக்கு வெளியே எடுத்துவிட்டு உட்காருவது மூன்றையும் பழக்கியிருக்கிறார்கள்.

பையன் கைக்கு எட்டினால் அவன் விளையாட்டாகக் கண்ணாடியில் வைத்து அமுக்கிவிடுவான் என்ற பயமும் நியாயமானது. அதனால் அது முன்னிருக்கை ஹெட்ரெஸ்ட் கம்பியில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது, உட்கார்ந்த பாட்டிக்கு எட்டும், பெல்ட்டில் இருக்கும் பையனுக்கு எட்டாது. அவன் வளர வளர இடத்தை மாற்ற வேண்டிவரும்.

சுரங்கப்பாதைச் சுவரில் டீக்கடைக்காரரும் பஞ்சர் கடைக்காரரும் சேர்ந்து அரை அடிக்கு ஒரு கோடாக மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், இரண்டடிக்கு மேல் சிவப்பு. தண்ணீர் இறைக்கும் மோட்டார் வேண்டும் என்று கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மழை வலுத்தால் இருவரில் ஒருவர் கடை பெஞ்சை எடுத்துச் சரிவின் நடுவில் குறுக்கே போட்டு வண்டிகளை மறிக்கிறார்.